வாடகை, சந்தை விலை, சதுர அடி, வாங்கிய விலை: சொத்து வரியை எதை வைத்துப் போட்டால் நியாயம்?

2022 ஏப்ரல் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் சொந்த வீடு வைத்திருந்த எல்லோர் வாயிலும் ஒரே பேச்சுதான். மாநில அரசு சொத்து வரியை உயர்த்தியிருந்தது. சென்னையின் பழைய மாநகராட்சிப் பகுதியில் 600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 50 சதவீதம், 1,200 வரை 75, 1,800 வரை 100, அதற்கு மேல் போனால் 150 சதவீத உயர்வு. 2011-இல் சென்னையோடு சேர்க்கப்பட்ட அம்பத்தூர், ஆலந்தூர் போன்ற பகுதிகளுக்கும், மற்ற மாநகராட்சிகள், நகராட்சிகள், பேரூராட்சிகளுக்கும் அதே படிகளில் 25, 50, 75, 100. அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் ஆர்ப்பாட்டம் நடத்தின. பதினைந்தாவது நிதிக் குழுவின் மானியம் வேண்டுமென்றால் சொத்து வரியைத் திருத்தியாக வேண்டும் என்று அரசு பதில் சொன்னது. 2018-இல் அ.தி.மு.க. அரசு வரியை உயர்த்தியபோது தி.மு.க. தெருவுக்கு வந்தது. 2019 நவம்பரில் அந்த உயர்வு நிறுத்திவைக்கப்பட்டது.

இரண்டு முறையும் சண்டை எத்தனை சதவீதம் என்பதில்தான் நடந்தது. அந்தச் சதவீதத்தை எதன் மேல் ஏற்றுகிறார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. என் மனக்குறை அங்கேதான் இருக்கிறது. அடித்தளக் கணக்கு கோணலாக இருந்தால், அதன் மேல் 25 சதவீதம் ஏற்றினாலும் கோணல்தான், 150 ஏற்றினாலும் கோணல்தான். ஏற்கெனவே குறைவாக மதிப்பிடப்பட்ட வீட்டுக்காரருக்கு உயர்வும் குறைவு. ஒழுங்காக எல்லாவற்றையும் காட்டியவருக்கு உயர்வும் அதிகம்.

ஆகவே ஓர் ஊர் வீட்டு வரியை எதை வைத்துப் போடலாம், எது யாருக்குச் சாதகம், நம் ஊருக்கு எது சரிப்படும் என்பதைப் பார்ப்போம். உலகத்தில் நடைமுறையில் இருக்கும் முக்கிய வழிகள் நாலு: அந்த வீடு எவ்வளவு வாடகைக்குப் போகும் என்பது, விற்றால் என்ன விலை போகும் என்பது, எந்த மாதிரித் தெருவில் எத்தனை சதுர அடி என்பது, உரிமையாளர் அதை என்ன விலைக்கு வாங்கினார் என்பது.

வாடகைக் கணக்கு

நம்முடையது இதுதான். சட்டத்தில் இதற்கு ஆண்டு வாடகை மதிப்பு என்று பெயர். உண்மையில் வாங்கும் வாடகையை யாரும் வந்து பார்ப்பதில்லை. சென்னையில் தெருவுக்குத் தெரு ஒரு அடிப்படை விகிதம் உண்டு, சதுர அடிக்கு மாதம் இவ்வளவு என்று. சொந்தக்காரரே குடியிருந்தால் ஒரு கழிவு, கட்டடம் பழையதானால் ஒரு கழிவு.

ஒரு தெருவுக்கு இரண்டு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1,000 சதுர அடி வீட்டுக்குக் கழிவுகள் போக மாத வாடகை மதிப்பு 2,000 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 24,000. அதில் பத்து சதவீதம், அதாவது 2,400 ரூபாய், நிலத்துக்கு உரியது என்று தனியே எடுத்து வைப்பார்கள். மீதி 21,600 கட்டடத்துக்கு. அதில் பராமரிப்புக்காகப் பத்து சதவீதம் கழித்தால் 19,440. நிலத்தின் 2,400-ஐத் திரும்பச் சேர்த்தால் 21,840. சுருக்கமாக, மாத மதிப்பை 10.92-ஆல் பெருக்கினால் போதும். வரும் தொகையில் ஒரு பங்குதான் அரையாண்டு வரி. இந்தக் கணக்கு தெரிந்தால் உங்கள் வீட்டு மதிப்பீட்டை நீங்களே சரிபார்க்கலாம். இன்னொன்றையும் கவனியுங்கள்: இதே ஆண்டு மதிப்பை வைத்துத்தான் சென்னைக் குடிநீர் வாரியமும் தன் வரியைப் போடுகிறது. அடித்தளம் தவறானால் அடி இரண்டு பில்லிலும் விழும்.

கணக்கு முறை மோசமில்லை. தெரு விகிதம் உறைந்து போனதுதான் கோளாறு. சென்னையின் பழைய பகுதியில் 1998-க்குப் பிறகு 2022 வரை நிலைத்து நின்ற திருத்தம் எதுவும் இல்லை. மாநிலத்தின் மற்ற ஊர்களில் கடைசித் திருத்தம் 2008. சென்னையில் இன்று 1,000 சதுர அடி வீடு 2,000 ரூபாய் வாடகைக்குக் கிடைக்குமா? எல்லாத் தெருவுக்கும் ஒரே அளவில் குறைந்திருந்தால்கூடப் பரவாயில்லை, வரி விகிதத்தை ஏற்றிச் சமன் செய்துவிடலாம். தெருக்களுக்கு இடையிலான ஏற்றத்தாழ்வே இந்த இருபத்து நாலு ஆண்டில் மாறிவிட்டது. 2015 ஜூனில் கோயம்பேட்டிலிருந்து ஆலந்தூருக்கு மெட்ரோ ஓடத் தொடங்கியது. அரும்பாக்கத்திலும் வடபழனியிலும் ஸ்டேஷனுக்குப் பக்கத்துத் தெருவும், அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தெருவும் 1998-இல் ஒன்று போல இருந்திருக்கலாம். இன்று அப்படி இல்லை. 2022 உயர்வு இரண்டையும் ஒரே சதவீதத்தால் பெருக்கியது.

படிகளிலும் ஒரு நியாயக்கேடு உண்டு. பழைய சென்னையில் ஒரே தெருவில் பக்கத்துப் பக்கத்து வீடுகள், இரண்டுக்கும் முன்பு சதுர அடிக்கு அரையாண்டு வரி நாலு ரூபாய் என்று கொள்ளுங்கள். ஒன்று 1,200 சதுர அடி, பழைய வரி 4,800 ரூபாய். 75 சதவீதம் ஏறி 8,400 ஆகிறது. இன்னொன்று 1,210 சதுர அடி, பழைய வரி 4,840. நூறு சதவீதம் ஏறி 9,680. பத்து சதுர அடி கூடுதலுக்கு, அதாவது ஒரு சின்ன பால்கனி அளவுகூட இல்லாத இடத்துக்கு, அரையாண்டுக்கு 1,280 ரூபாய். வருமான வரியில் படி தாண்டிய தொகைக்கு மட்டும்தான் கூடுதல் விகிதம். இங்கே படி தாண்டினால் முழு வீட்டுக்கும் கூடுதல் விகிதம். இதைத் திருத்த பெரிய சட்டம் எதுவும் தேவையில்லை, கணக்கிடும் முறையை மாற்றினால் போதும்.

சந்தை விலை

"கோடி ரூபாய் வீட்டுக்குக் கோடிக்கேற்ற வரி" என்பது கேட்பதற்கு மிகவும் நியாயமாக இருக்கிறது. மும்பை 2010-இல் இதற்கு மாறியது. அதற்குத் தகுந்த காரணமும் இருந்தது. அங்கே 1947-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய கட்டடங்களின் வாடகையை 1940-இன் அளவில் கட்டிப்போட்டிருந்தது. வரி வாடகையைப் பொறுத்தது என்பதால் வரியும் அங்கேயே நின்றது. தென் மும்பையின் பழைய கட்டடத்துக்குக் கிள்ளிக் கொடுத்தால் போதும், புறநகரில் கடன் வாங்கிப் புது ஃபிளாட் வாங்கியவர் அள்ளிக் கொடுக்க வேண்டும். அதை உடைக்கத்தான் மூலதன மதிப்பு முறை வந்தது.

வந்த பிறகு வழக்குகளும் வந்தன. ஒரு மனையில் எதிர்காலத்தில் எவ்வளவு கட்டலாமோ அதையும் சேர்த்து இன்றைக்கே மதிப்பிடுவதற்கு வழி செய்த விதிகளை பம்பாய் உயர் நீதிமன்றம் 2019-இல் ரத்து செய்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. இருப்பதற்குத்தான் வரி, இருக்கப்போவதற்கு இல்லை. அதே 2022 ஜனவரியில் 500 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்கு மகாராஷ்டிர அரசு மும்பையில் சொத்து வரியே வேண்டாம் என்றது. சின்ன வீட்டுக்காரர்களுக்கு நல்ல செய்திதான். ஆனால் விலையை வைத்து வரி போடும் ஊரில் அளவை வைத்து விலக்குக் கொடுத்தால், நகரத்தின் மிக விலையுயர்ந்த பகுதியில் இருக்கும் 490 சதுர அடிக்கு வரி இல்லை, நகரத்தின் கடைசி ஓரத்தில் இருக்கும் 510 சதுர அடிக்கு உண்டு.

நமக்குப் பக்கத்தில் ஆந்திரம் 2020 இறுதியில் சட்டத்தைத் திருத்தி 2021 ஏப்ரலிலிருந்து இதே முறைக்குப் போனது. ஒரே ஆண்டில் 15 சதவீதத்துக்கு மேல் ஏறாது என்று உச்சவரம்பும் வைத்தது. விசாகப்பட்டினத்திலும் விஜயவாடாவிலும் குடியிருப்போர் சங்கங்கள் கொதித்தன. அவர்கள் பயம் புரிகிறது. ஆண்டுக்கு 15 சதவீதம் என்றால் ஐந்தே ஆண்டில் வரி இரட்டிப்பு.

தமிழ்நாட்டில் இந்த முறைக்கு நான் கை தூக்க மாட்டேன். ஒரே காரணம் போதும்: நம்மிடம் நம்பத்தக்க விலைப் பட்டியல் இல்லை. இருப்பது பத்திரப்பதிவுத் துறையின் வழிகாட்டி மதிப்பு. 2017 ஜூனில் அது மாநிலம் முழுக்க ஒரே அடியில் 33 சதவீதம் குறைக்கப்பட்டது, கூடவே பதிவுக் கட்டணம் ஒரு சதவீதத்திலிருந்து நாலாக ஏறியது. 2023-இல் பழைய மதிப்புக்கே திரும்பினார்கள், கட்டணத்தை இரண்டாகக் குறைத்தார்கள். அதற்கான சுற்றறிக்கை நீதிமன்றப் படியும் ஏறியது. நிலத்தின் உண்மை விலை 2017-இல் ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததா என்ன? பத்திரச் செலவைக் கூட்டிக் குறைக்க அரசு வைத்திருக்கும் கருவி அது. வீட்டு வரியை அதில் கட்டியிருந்தால் 100 ரூபாய் வரி 67 ஆகி, பிறகு மறுபடி 100 ஆகியிருக்கும். 67-லிருந்து 100 என்பது கிட்டத்தட்ட 50 சதவீத உயர்வு. வீட்டை விற்கவும் இல்லை, ஒரு செங்கல் கூடவும் இல்லை, குடியிருந்தவருக்கு அந்த அதிர்ச்சி எதற்கு?

விலையை வைத்துப் போடுவதில் மனிதர்கள் படும் வலி இன்னொன்றும் உண்டு. மயிலாப்பூரிலோ மாம்பலத்திலோ தாத்தா கட்டிய வீட்டில் ஓய்வூதியத்தில் வாழும் ஒரு பாட்டிக்கு, நிலத்தின் விலை ஏறியதால் கையில் ஒரு ரூபாய்கூடக் கூடவில்லை. விற்றால்தான் அது பணம். விற்றால் வீடு இல்லை. இந்தப் பிரச்சினைக்கு வேறு தீர்வு உண்டு, பின்னால் சொல்கிறேன்.

வாங்கிய விலை

அந்தப் பாட்டியைக் காப்பாற்றத்தான் கலிஃபோர்னியா மக்கள் 1978 ஜூனில் பதின்மூன்றாம் முன்மொழிவுக்கு வாக்களித்தார்கள். ஹோவர்டு ஜார்விஸ் முன்னின்று நடத்திய இயக்கம் அது, ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு வென்றது. வரி விகிதம் மதிப்பில் ஒரு சதவீதத்துக்கு மேல் போகாது. மதிப்பு 1975-76 அளவுக்குத் திரும்பும். அதன்பின் ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் ஏறாது. வீடு கை மாறும்போது மட்டும் விற்ற விலைக்கு மதிப்பு மாறும்.

இருக்கிற வீட்டில் இருப்பவருக்கு இதைவிட நிம்மதி வேறில்லை, அடுத்த பத்தாண்டுக்கு வரி எவ்வளவு என்று இன்றே தெரியும். புதிதாக வருபவர் கதை வேறு. ஸ்டெபனி நார்ட்லிங்கர் என்ற பெண்மணி 1988-இல் லாஸ் ஏஞ்சலஸில் 1,70,000 டாலருக்கு ஒரு சாதாரண வீடு வாங்கினார். ஆண்டு வரி 1,701 டாலர். அக்கம்பக்கத்தில் அதே மாதிரி வீட்டில் 1975-க்கு முன்பிருந்தே இருந்தவர் கட்டியது 358 டாலர். ஒரே தெரு, ஒரே குப்பை வண்டி, ஒரே பள்ளிக்கூடம், கிட்டத்தட்ட ஐந்து மடங்கு வரி. அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 1992-இல் எட்டு நீதிபதிகள் அவருக்கு எதிராகவும் ஒருவர் ஆதரவாகவும் தீர்ப்புச் சொன்னார்கள். சட்டப்படி செல்லும் என்றார்கள், அவ்வளவுதான்.

பாட்டிக்குக் கொடுத்த சலுகை கடைகளுக்கும் அலுவலகக் கட்டடங்களுக்கும் சேர்ந்தே போனது. பெரிய வணிகச் சொத்துகளை மட்டும் அதிலிருந்து பிரிக்க 2020-இல் ஒரு முன்மொழிவு வந்து, சொற்ப வித்தியாசத்தில் தோற்றது. ஒரு சலுகையை ஒரு தலைமுறை அனுபவித்துவிட்டால் திரும்ப எடுக்க முடியாது. இங்கிலாந்தில் கவுன்சில் வரி இன்றும் 1991 ஏப்ரல் மாத விலையை வைத்துத்தான். மறுமதிப்பீடு செய்தால் பாதிப் பேர் கோபிப்பார்கள் என்று எல்லா அரசும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறது.

நாலு வழியிலும் எனக்குப் பிடிக்காதது இதுதான். நம் ஊரில் வீடு தேடுபவர்கள் பெரும்பாலும் இளம் குடும்பங்கள். சம்பளத்தில் பாதி தவணைக்குப் போகிறது, முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் கட்டி முடித்திருக்கிறார்கள். அவர்கள் தலையிலேயே தெருவின் சுமையையும் வைப்பது தகாது.

தெருவும் சதுர அடியும்

பாட்னாவில் 1993 வரை மதிப்பீட்டாளர் வைத்ததுதான் மதிப்பு. விகிதமோ 43.75 சதவீதம். அவ்வளவு யாரும் கட்ட முடியாது என்பதால் மதிப்பைக் குறைத்துப் போட்டுக்கொள்வதே வழக்கமானது. அந்த ஆண்டு எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மூன்றே கேள்வி வைத்தார்கள்: வீடு எந்த வகைச் சாலையில் இருக்கிறது, எப்படிக் கட்டியது, எதற்குப் பயன்படுகிறது. ஒவ்வொரு சேர்க்கைக்கும் சதுர அடிக்கு ஒரு மதிப்பு, வரி விகிதம் ஒன்பது சதவீதம். எதிர்த்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். 1995-இல் உச்ச நீதிமன்றம் அந்த முறையை ஏற்றது. டெல்லி 2004-இல் இதே வழியில் குடியிருப்புப் பகுதிகளை எட்டு வகையாகப் பிரித்தது. முதல் வகைக்குச் சதுர மீட்டருக்கு 630 ரூபாய், கடைசி வகைக்கு 100.

இதன் பலம் எளிமை. அட்டவணை கையில் இருந்தால் எட்டாம் வகுப்புப் பிள்ளை தன் வீட்டு வரியைக் கணக்குப் போட்டுவிடும். பில் கலெக்டரிடம் கெஞ்ச வேண்டாம், "பார்த்துப் போடுங்க சார்" என்று கவனிக்க வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் என்ன கட்ட வேண்டும் என்பதும் உங்களுக்குத் தெரியும். நியாயத்தை இருவரும் ஒரே அளவுகோலால் சரிபார்க்க முடிவதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன்.

பலவீனமும் உண்டு. டெல்லியில் ஒரு பகுதி முழுக்க ஒரே வகை. அதே பகுதியின் பிரதான சாலை பங்களாவும் உள்சந்து வீடும் ஒரே தட்டில் நிற்கும். வகை பிரிப்பவரின் பேனாவில் அரசியலும் புகும். அட்டவணையைப் புதுப்பிக்காமல் விட்டால், நம் 1998 தெரு விகிதத்தின் கதைதான் அங்கேயும்.

நிலத்துக்கு அதிகமாகவும் கட்டடத்துக்குக் குறைவாகவும் வரி போடும் வழியும் உண்டு. பிட்ஸ்பர்க் நகரம் 1913-லிருந்து 2001 வரை அதைச் செய்தது. நமக்கு அதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. விலை ஏறட்டும் என்று நகரின் நடுவில் முள்வேலி போட்டுக் கிடக்கும் மனையின் வாசலிலும் சாலை, விளக்கு, மழைநீர் வடிகால் எல்லாம் போகின்றன. காலி மனை வரியை 2022-இல் நூறு சதவீதம் ஏற்றியது சரியான முடிவு.

என் தேர்வு

தெருவும் சதுர அடியும் என்ற இந்தப் பாதையில்தான் நாம் பாதி தூரம் ஏற்கெனவே வந்திருக்கிறோம். பெயரில் வாடகை மதிப்பு, செயலில் தெரு விகிதம் பெருக்கல் சதுர அடி. ஆகவே முறையைத் தலைகீழாக மாற்ற வேண்டிய அவசியம் இல்லை. தெரு விகிதங்களை ஒருமுறை ஒழுங்காகப் புதிதாகப் போட வேண்டும், அப்புறம் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தெருக்களுக்கு இடையிலான விகிதத்தைச் சரிசெய்ய வேண்டும். சாலை அகலம், பஸ் அல்லது மெட்ரோ வசதி, கடைத்தெருவா குடியிருப்பா என்பதோடு பாதாளச் சாக்கடை இருக்கிறதா என்பதையும் அதில் சேர்க்க வேண்டும். கழிவுநீர் லாரிக்குத் தனியாகப் பணம் கொடுக்கும் தெருவும் குழாய் இணைப்பு உள்ள தெருவும் ஒரே விகிதம் கொடுக்கக் கூடாது. 2011-இல் சேர்ந்த பகுதிகளுக்கும் பழைய நகரத்துக்கும் இரண்டு கணக்கு என்ற பிரிவினையும் இதோடு முடிந்துவிடும், தெருவின் வசதிதான் கணக்கு.

ஆண்டுதோறும் சிறிய உயர்வை நான் எதிர்க்கவில்லை. 2024 செப்டம்பரில் சென்னை மாமன்றம் ஆறு சதவீதம் ஏற்றத் தீர்மானித்தபோது எழுந்த கோபம் நியாயமற்றது என்றும் சொல்ல மாட்டேன். இருபத்து நாலு வருஷம் ஒன்றுமே செய்யாமல் இருந்துவிட்டு ஒரே நாளில் இரட்டிப்பாக்குவதைவிட ஆண்டுக்கு ஆறு தாங்கக்கூடியது. ஆனால் ஆண்டுக்கு ஆறு என்றால் பன்னிரண்டு ஆண்டில் இரட்டிப்பு. அடித்தளத்தில் உங்களுக்கும் பக்கத்துத் தெருக்காரருக்கும் தவறாக ஆயிரம் ரூபாய் வித்தியாசம் இருந்தால் அதுவும் அன்றைக்கு இரண்டாயிரம் ஆகியிருக்கும். முதலில் தெரு விகிதத்தைத் திருத்துங்கள், பிறகு ஏற்றுங்கள்.

பாட்டிக்கு என்ன வழி? கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் 55 வயது ஆனவர் தன் குடியிருப்பின் சொத்து வரியைத் தள்ளிப்போடலாம். அரசு அதை வட்டியோடு கடனாகக் கணக்கில் எழுதிக்கொள்ளும், வீடு விற்கும்போதோ கை மாறும்போதோ வசூலிக்கும். நம்மிடம் வில்லங்கச் சான்று என்ற ஏற்பாடு தயாராக இருக்கிறது, நிலுவையை அதில் ஏற்றினால் யாரும் மறைக்க முடியாது. "பிள்ளைகளுக்குக் கடனோடு வீடு கொடுப்பதா" என்று பெரியவர்கள் தயங்குவார்கள். தயங்குபவர்கள் வழக்கம்போல் கட்டட்டும், முடியாதவருக்கு ஒரு கதவு திறந்திருக்கட்டும். கலிஃபோர்னியா போல எல்லோருக்கும் மதிப்பை உறைய வைப்பதைவிட, கஷ்டப்படுபவருக்கு மட்டும் கை கொடுப்பது நகரத்துக்கும் கட்டுப்படியாகும். ஏப்ரலிலும் அக்டோபரிலும் சீக்கிரம் கட்டுபவருக்கு 5,000 ரூபாய் வரை ஐந்து சதவீதம் தருகிறோம். கையில் பணம் இருப்பவருக்குத்தான் அது பயன்படும்.

இதில் எதையும் மேலிருந்து வரட்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. 2022 நவம்பர் முதல் நகரங்களில் வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபை கூடத் தொடங்கியிருக்கிறது. அடுத்த கூட்டத்தில் கவுன்சிலரிடம் கேட்க வேண்டியது நம் வார்டின் தெரு விகிதப் பட்டியல். தெருவாரியாக, சதுர அடிக்கு எவ்வளவு என்று, வார்டு அலுவலகச் சுவரில் ஒட்டச் சொல்லுங்கள். உங்கள் ரசீதையும் டேப் பிடித்து அளந்த சதுர அடியையும் எடுத்துப் போங்கள், 10.92-ஆல் பெருக்க ஒரு போன் போதும்.